கோயில் ஜாடியும் குழாயடியும்

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் கருப்பட்டி மண்டி வைத்திருந்த ராசையாவைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. அவர் மனைவி ஞானபாக்கியத்தைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. மண்டிக்குப் பின்னாலேயே வீடு. வீட்டை விட்டால் வேதக்கோயில், கோயிலை விட்டால் வீடு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வாக்கப்பட்டு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும், கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் மூக்கால் மோந்து பார்த்துத்தான் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் ஐம்பதாம் வருஷ வாக்கில் சனிக்கிழமை தவறாமல் தெருக்குழாயடியில் போய் நின்றாள் என்றால், அதற்கு இரண்டு கண்ணாடி ஜாடிகள்தான் காரணம். காரணம் என்று ஊர் நினைத்தது அதைத்தான்.

துறைமுகத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரரின் மனைவி கொடுத்த ஜாடிகள் அவை. சுதந்திரம் வந்து அவர்கள் மூட்டை கட்டியபோது, கப்பலில் கொண்டுபோனால் உடையும் என்று கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். முழங்கை உயரம், ஒல்லிக் கழுத்து, வயிற்றுப் பக்கம் பட்டை பட்டையாக வெட்டு. பீடத்தில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைத்துப் பூச்செருகினால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கே ஒரு களை வந்துவிடும். ஆனால் நம் ஊரில் பூவை யார் தண்ணீரில் போட்டு வைத்தார்கள்? தலையில் வைப்போம், மாலையாகக் கட்டுவோம், அத்தோடு சரி. அந்த ஜாடிக்குள் அழுகிய காம்பும் பச்சை வழுக்கலும் சேர்ந்தபோது எப்படிக் கழுவுவது என்று பெண்கள் சங்கத்தில் ஒருத்திக்கும் தெரியவில்லை. தெரியாத வேலை யார் தலையில் விழும்? வாய் பேசாதவள் தலையில். ஞானபாக்கியம் இரண்டையும் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

முதல் வாரம் மீன்சட்டி தேய்க்கிற பழக்கத்தில் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். ஜாடியின் வெளிப்பக்கம் பூனை பிறாண்டினாற்போல ஆயிற்று. உள்ளே கை போகவில்லை. கிணற்றுத் தண்ணீரை விட்டுக் குலுக்கிக் கவிழ்த்தாள். காய்ந்த பிறகு பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெள்ளை பூத்திருந்தது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கிணறு வேறென்ன கொடுக்கும்? உப்புத்தான். பிறகு ஒருநாள் ஏதோ தோன்றி, ஊரிலிருந்து கருப்பட்டியோடு வருகிற பதநீர்க் காடியை ஒரு கரண்டி ஊற்றி, ஒரு பிடி நொய்யரிசியும் போட்டு, உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு சுழற்றினாள். காடியின் புளிப்பு உப்பைக் கரைத்தது, நொய் வழுக்கலைச் சுரண்டியது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்குகிற காலத்தில் நொய்யை ஜாடிக்குப் போடுகிறாளே என்று வேலைக்காரி தாயம்மா முணுமுணுத்தாள். கடைசி அலசலுக்கு மட்டும் தாயம்மா குழாயிலிருந்து குடத்தில் கொண்டுவரும் நல்ல தண்ணீர். கவிழ்த்துக் காயவைத்தால் ஜாடி இருக்கிற இடமே தெரியாது. அதற்கப்புறம் அந்த வேலைக்கு வேறு ஆள் தேடவேண்டிய அவசியம் சங்கத்துக்கு ஏற்படவில்லை.

பூச்செருகுகிற வேலை மகளுடையது. ஜெபக்கனி. கலியாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல், ஜெபம் பண்ணிப் பண்ணிப் பெற்ற ஒரே பிள்ளை, பெயரும் அதனால்தான். அவளைச் சின்னப்பிள்ளையில் ராசையா மண்டியில் கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் உட்கார வைத்து வியாபாரம் பண்ணுவார். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் "இன்னாப்பா" என்று கேட்பாள். "ஒழுங்காப் பேசு ஏட்டி" என்று அதட்டுவார், அதட்டிவிட்டு அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்பையெல்லாம் ஒருத்தன் வந்து கொண்டுபோய்விட்டான். பெயர் குமாரவேல். கடலோரக் குப்பத்தில் கட்டுமரம் வைத்திருந்தவன். கருப்பட்டி வாங்க வந்தவன், ஒரு வீட்டுக்கு எவ்வளவு கருப்பட்டி வேண்டுமோ அதற்கு மேலேயே வாங்கினான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ராசையா நல்ல வாடிக்கை என்று நினைத்துக்கொண்டார்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஜெபக்கனி குப்பத்து அம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். சாதி விட்டு, வேதம் விட்டு, அப்பன் தலையைத் தெருவில் குனிய வைத்து. ராசையா கத்தவில்லை, அடிக்க ஓடவில்லை. மண்டியை ஒருநாள் மூடினார். மறுநாள் திறந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம், "எனக்குப் பிள்ளை கெடையாது. இனி அந்த மூஞ்சியில நீ முழிச்சேன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கே நீயும் அவகூடப் போயிரு. இந்த வாசல்ல கால் வைக்கப்பிடாது" என்றார். சொன்னதைச் செய்கிற மனிதர் அவர். ஞானபாக்கியத்துக்கு அது தெரியும்.

சாயங்கால ஜெபத்தில் வீட்டார் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி ஆசீர்வாதம் கேட்பது ராசையாவின் வழக்கம். ஊரில் இருக்கும் தம்பி, தங்கை, அவர்கள் பிள்ளைகள் என்று போகும். ஜெபக்கனி பெயர் வரவேண்டிய இடத்தில் இப்போது ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். அந்த ஒரு மூச்சுக்குள் ஞானபாக்கியம் தன் ஜெபம் முழுவதையும் முடித்துவிடுவாள். மகள் இருக்கிற குப்பம் நான்கைந்து தெரு தள்ளித்தான். சீமைக்குப் போனவளை நினைத்து ஏங்கினால் ஒரு நியாயம் உண்டு; கூப்பிடு தூரத்தில் இருப்பவளை நினைத்து ஏங்குவது போல ஒரு கொடுமை இல்லை. மகள் இல்லாமல் பூச்செருகவும் அவளே பழகிக்கொண்டாள்.

அப்படியே மாதங்கள் போயின. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின நாள் தாயம்மா காய்ச்சல் என்று வரவில்லை. வீட்டில் குடிக்கிற தண்ணீரே அடிக்குடத்தில் இருந்தது. ஜாடியில் காடி ஊறிக்கொண்டிருக்கிறது, அலச நல்ல தண்ணீர் இல்லை. கடைப்பையனிடம் கொடுத்தால் உடைத்துவிட்டு நிற்பான். ஞானபாக்கியம் ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி ஜாடிகளைப் படுக்க வைத்து, இடுப்பில் எடுத்துக்கொண்டு, ஆயுசில் முதல் தடவையாகக் குழாயடிக்குப் போனாள்.

குழாய்க்கு எதிர்வீடு காத்தூன் பீவியுடையது. அவள் புருஷன் கப்பல் கலாசி. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். ஆகவே காத்தூன் பீவி வீட்டை ஆளுவதோடு குழாயடியையும் ஆண்டுவந்தாள். யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால் என்பது அவள் வாயில் இருந்தது. கூடையைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னா யக்கா, ஜாடிய புள்ளயாட்டம் தூக்கிகினு வர்றே? அல்லாரும் கொஞ்சம் நவுருங்கடி, கோயில் சாமான் வர்து!"

ஞானபாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள். வரிசையில் குடத்தோடு நிற்பது ஜெபக்கனி.

குப்பத்துக் கிணறுகளும் உப்புத்தான். அங்கிருந்து பெண்கள் இங்கேதான் வருவார்கள் என்று தாயம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒருநாளும் அது காதில் ஏறவில்லை. மகள் கறுத்திருந்தாள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். சேலையைக் குப்பத்துப் பெண்கள் கட்டுகிற மாதிரி ஏற்றிச் செருகியிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் ராசையாவிடம் கருப்பட்டி வாங்குகிறவர்கள். இங்கே ஒரு வார்த்தை பேசினால், குடம் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் அது மண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஞானபாக்கியம் குனிந்து ஜாடியை அலசினாள். அலசினாள், அலசினாள், பின்னால் நின்றவள் "போதும்மா, ஜாடி கரைஞ்சிடப் போவுது" என்று சொல்கிற வரைக்கும் அலசினாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். பயமும் அறியாது. அடுத்த வாரம் தாயம்மா வந்துவிட்டாள், குடத்தில் நல்ல தண்ணீர் இருந்தது. ஞானபாக்கியம் கூடையை எடுத்தாள்.

"எங்க கெளம்பிட்ட? வீட்டுல தண்ணி இருக்குல்லா?" என்றார் ராசையா.

"குடத்துத் தண்ணி ஆவாது. ஓடுத தண்ணியில அலசினாத்தான் மங்கல் போவும்" என்றாள். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே தெரியாது. பொய் சொல்லிப் பழகாதவள் சொல்லுகிற பொய் உடனே பலிக்கும். ராசையா தலையை ஆட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நாலு பேரிடம், "எங்க வீட்டுல ஓடுத தண்ணியிலதான் கோயில் ஜாடியைக் கழுவுதா. யோர்தான் நதி மாதிரி" என்று பெருமையாகச் சொன்னார்.

ஆனால் ஜாடி மங்கினால்தானே கழுவ வேண்டும்? நன்றாகக் கழுவி நல்ல தண்ணீர் ஊற்றிப் பூச்செருகினால் அடுத்த வாரமும் பளிச்சென்றுதான் வரும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். பூவுக்கு ஊற்றுவதற்குக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினாள். வாரம் முழுக்கப் பீடத்தில் நின்று வற்றி, ஜாடி கழுத்துவரை வெள்ளை பூத்து வரும். அது போதவில்லை என்றால் வெயிலில் கிணற்றுத் தண்ணீரோடு இன்னொரு நாள் வைப்பாள். பிறகு காடி, நொய், கூடை, குழாயடி. மங்க வைத்தவளும் அவளே, துலக்கினவளும் அவளே. கோயில் சாமானில் இப்படிச் செய்கிறோமே என்று மனசு குத்தும். சனிக்கிழமை வந்தால் அந்தக் குத்தல் எங்கே போகும் என்று தெரியாது.

காத்தூன் பீவிக்கு இரண்டாவது வாரமே விஷயம் புரிந்துவிட்டது. குழாயடியை ஆளுகிறவளுக்கு மனுஷர் முகம் தெரியாதா? ஒன்றும் கேட்கவில்லை. கோயில் கூடைக்கு அடுத்த குடம் எப்போதும் ஜெபக்கனியுடையதாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொண்டாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசமாட்டார்கள். இரண்டு பேரும் காத்தூன் பீவியைப் பார்த்துப் பேசுவார்கள்.

"ஒடம்பெல்லாம் எப்பிடி இருக்கு?" என்பாள் ஞானபாக்கியம், ஜாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்கின்னா யக்கா, கல்லத் துன்னாலும் செரிக்கும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள் காத்தூன் பீவி.

பின்னாலிருந்து ஜெபக்கனி, "எனக்குத்தான் பீவிம்மா, காலைல மீன் வாசனையே ஆவல. கொமட்டிகினு வர்து. வூட்ல அத்தைதான் எலுமிச்சம்பழம் குடுத்துச்சு" என்றாள் ஒரு சனிக்கிழமை.

ஞானபாக்கியத்தின் கையில் ஜாடி நின்றுவிட்டது. மீனவன் வீட்டில் வாழ்கிறவளுக்கு மீன் வாசனை ஆகவில்லை. பெற்றவளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? மகள் பக்கம் திரும்பாமல் இருப்பதற்கு அவள் அன்றைக்குப் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். "அப்பப்ப வாயில ஏதாச்சும் போட்டுக்கிடணும் பீவி. வயித்தக் காயப்போடப்பிடாது" என்றாள்.

"நான் இன்னாத்துக்கு யக்கா காயப்போடறேன்" என்றாள் காத்தூன் பீவி.

அடுத்த வாரத்திலிருந்து ஜாடிகள் வெறுமையாகப் போகவில்லை. வீட்டிலேயே கழுவிக் காயவைத்த ஒன்றுக்குள் சில்லுக் கருப்பட்டி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டது. மண்டியிலேயே நல்ல சரக்காகப் பார்த்து உடைத்து எடுத்தது. குழாயடியில் ஜாடியைக் கவிழ்க்கிற மாதிரி கவிழ்ப்பாள். காத்தூன் பீவியின் முறத்தில் பொலபொலவென்று விழும். யாரும் பார்க்காத நேரத்தில் முறம் ஜெபக்கனியின் மடிக்குப் போகும். மகள் வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவதை ஓரக்கண்ணால் பார்ப்பாள். தொடவேண்டும் போல இருக்கும். தலை கலைந்திருந்தால் ஒதுக்கிவிட வேண்டும் போல இருக்கும், வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும் போல இருக்கும். குடத்துக்கும் கூடைக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இருக்காது. அந்த ஒரு சாணை அவள் ஒருநாளும் தாண்டவில்லை.

மாதம் ஏற ஏற ஜெபக்கனியின் வயிறும் ஏறியது, ஜாடியின் மங்கலும் ஏறியது. ஒரு சனிக்கிழமை எத்தனை அலசியும் ஒரு ஜாடி தெளியவில்லை. காத்தூன் பீவி வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"யக்கா, இது மேலுக்கு இல்ல. உப்பு கண்ணாடிக்குள்ள பூந்துகிச்சு. எங்க வூட்டுக்காரர் கொண்டாந்த கிளாசு ஒண்ணு இப்படித்தான் ஆச்சு. இனிமே காடி ஊத்துனாலும் போவாது, கண்ணீர் ஊத்துனாலும் போவாது" என்றாள்.

ஞானபாக்கியம் பயந்துபோனாள். அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீரை நிறுத்திப் பார்த்தாள். காலம் கடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஒரு ஜாடி பளிச்சென்றும் ஒரு ஜாடி புரை விழுந்த கண் மாதிரியும் நின்றன. பெண்கள் சங்கத்தில் பேச்சுக் கிளம்பியது. சங்கத்துப் பேச்சு கோயில் கமிட்டிக்கு ஏறியது. கமிட்டியில் ஒருவர் ராசையாவிடம், "ஓடுத தண்ணியில கழுவுத ஜாடி இப்பிடியா இருக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார்.

ராசையாவுக்கு முகம் செத்துவிட்டது. மறுநாள் முதல் மண்டியைக் கடையாட்களிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். யார் யாரையோ போய்ப் பார்த்தார், எங்கெங்கோ நின்றார். ஒருநாள் காலையில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆட்கள் வந்து வாசலிலிருந்து முற்றம்வரை தோண்டினார்கள். சாயங்காலம் முற்றத்தில் ஒரு பித்தளைக் குழாய் முளைத்திருந்தது. அந்தத் தெருவில் வீட்டுக்குள் வந்த முதல் குழாய் அதுதான்.

"ஏட்டி ஞானம், இங்க வா" என்று கூப்பிட்டார். மகள் போன பிறகு அந்தக் குரலில் அவர் கூப்பிட்டதில்லை. "தெறந்து பாரு."

அவள் திறந்தாள். நல்ல தண்ணீர், ஓடுகிற தண்ணீர், முற்றத்தில் கொட்டியது.

"இந்த வயசுல நீ கூடையச் சொமந்துக்கிட்டுத் தெருவுல போயி நிக்கது எனக்குப் பொறுக்கல. இனி வாசல் தாண்ட வேண்டாம். யோர்தானே வீட்டுக்கு வந்துட்டு" என்று சொல்லிச் சிரித்தார்.

நுணலும் தன் வாயால் கெடும். ஓடுகிற தண்ணீர் என்று அவள்தானே சொன்னாள்? அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூட அவளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று அவர் யோசித்துச் செய்த பெரிய காரியம் அது. "நல்லா இருக்குங்க" என்றாள். குழாயை மூடினாள். மூடின பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

முதல் சனிக்கிழமை முற்றத்தில் உட்கார்ந்து ஜாடியை அலசினாள். குழாயடியில் இந்நேரம் ஜெபக்கனி குடத்தோடு வந்து பார்த்திருப்பாள், காத்தூன் பீவி ஏதாவது சொல்லியிருப்பாள். இரண்டாவது சனிக்கிழமை ஊசி வாங்க வேண்டும், நூல் வாங்க வேண்டும் என்று எதையெதையோ யோசித்தாள். எல்லாவற்றுக்கும் கடைப்பையன் இருந்தான். மங்கின ஜாடியைக் காட்டி, இதற்கு வேறு குழாய்த் தண்ணீர்தான் வேண்டும் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. அதற்குள் ராசையா கமிட்டியில் பேசி, பீடத்துக்குப் பித்தளை ஜாடிகள் இரண்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். கண்ணாடி ஜாடிகள் அலமாரிக்குப் போயின. ஞானபாக்கியத்துக்கு இனிமேல் தெருவில் ஒரு வேலையும் இல்லை.

மாதம் நிறைந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். விரலை மடக்கி மடக்கித் தெரிந்துவைத்திருந்தாள். தாயம்மாவிடம் கேட்க வாய் வரும். கேட்டால் மண்டிக்குப் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொள்வாள். தலைப்பிரசவம். தாய் பக்கத்தில் இல்லாத தலைப்பிரசவம். அவளுக்கு நடந்தபோது அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடியின் நினைப்பு இப்போதெல்லாம் அடிக்கடி வந்தது.

ஒருநாள் மத்தியானம் ராசையா சாப்பிட உட்கார்ந்திருந்தார். பின்கட்டு வாசலில் நிழல் தட்டியது. காத்தூன் பீவி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, உள்ளே வராமல் நின்றாள்.

"யக்கா, காலைலேர்ந்து வலி கண்டுகிச்சு. அம்மா அம்மான்னுகினு கீது. என்னால கேக்க முடியல, அதான் வந்துட்டேன்" என்றாள் மெதுவாக. சொல்லிவிட்டு, உள்ளே மனிதர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞானபாக்கியம் திரும்பி வந்து குழம்பு ஊற்றினாள். அப்பளம் வைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஜெபக்கனிக்கு வலி கண்டிருக்கு. நான் போறேன்."

ராசையாவின் கை தட்டில் நின்றது. "எந்த ஜெபக்கனி?"

"நான் பெத்த ஜெபக்கனி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் இத்தனை வருஷமும் குனிந்தே பழகியவள். இப்போது குனிய அவளுக்கு நேரமில்லை.

"ஒரு வருசமா குழாயடியில அவளைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஓடுத தண்ணி ஓடுத தண்ணின்னு ஒங்ககிட்ட சொன்னது பொய்யி. ஜாடி தானா மங்கல. கெணத்துத் தண்ணிய ஊத்தி ஊத்தி நாந்தான் மங்க வச்சேன். அவளைப் பாக்க வேற வழி எனக்குத் தெரியல."

"கோயில் சாமானையா?" என்றார் ராசையா.

"கோயில் சாமானைத்தான். அந்தப் பாவம் எந் தலையில கெடக்கட்டும். கர்த்தருக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீங்க எனக்காகத்தான் குழாய் போட்டிய. நல்ல மனசுலதான் போட்டிய. ஆனா அதோட எனக்கு இருந்த சாக்கும் போயிட்டு. இப்ப சொல்ல எங்கிட்ட ஒரு சாக்கும் இல்ல. அவ எம் மவ. நான் போறேன்."

"போனா…" என்று தொடங்கினார்.

"தெரியும். நீங்க சொன்னது நெனப்பிருக்கு."

கையைக் கழுவினாள். கூடை எடுக்கவில்லை, துணி எடுக்கவில்லை. மண்டி வழியாகவே, கடையாட்கள் பார்க்க, தெருவில் இறங்கி நடந்தாள். குப்பத்துக்கு வழி தெரியாது. கடல் வாசனை வருகிற பக்கம் போனாள்.

குமாரவேலின் வீடு மணலை ஒட்டி இருந்தது. கீற்றுக் கூரை. வாசலில் வலை குவிந்திருந்தது. அவன் அம்மா பச்சையம்மா வெளியே வந்தாள். யார் என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது போல. "வா சம்மந்தி. உன் பேர்தான் சொல்லிகினு கீது. உள்ள போ" என்று வழிவிட்டாள். ஞானபாக்கியம் குனிந்து உள்ளே நுழைந்தாள். பாயில் கிடந்த மகள் கையை நீட்டினாள். நடுவில் குடமும் இல்லை, கூடையும் இல்லை. அந்தக் கையை ஞானபாக்கியம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "யம்மா, நெஜமாவே வந்துட்டியா?" என்றாள் ஜெபக்கனி. "வந்துட்டேன். பேசாத. மூச்சை அடக்கு" என்றாள் ஞானபாக்கியம்.

வெயில் தாழ்கிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பச்சையம்மா குலவையிட்டாள். ஞானபாக்கியம் குழந்தையைத் துடைத்து, மகளின் முகத்தைத் துடைத்து, கலைந்திருந்த தலையை ஒதுக்கி முடிந்துவிட்டாள். ஒரு தடவை ஒதுக்கினால் போதும். அவள் திரும்பத் திரும்ப ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். இனிமேல் எங்கே இருக்கப்போகிறோம், யார் வீட்டில் சாப்பிடப்போகிறோம் என்பதெல்லாம் நினைப்புக்கு வந்தது. வந்துவிட்டுப் போயிற்று.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள் ஜெபக்கனி.

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"இன்னா சொன்னாரு?"

ஞானபாக்கியம் குழந்தையின் துணியைச் சரிபண்ணினாள். ஜெபக்கனி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியிலிருந்து குமாரவேல் உள்ளே எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தை, கொஞ்சம் இப்டி வாயேன்" என்றான். ஞானபாக்கியம் குழந்தையோடு வாசல்படிக்கு வந்தாள். கரையில் ஏற்றிப் போட்டிருந்த கட்டுமரங்களுக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சட்டையும் குடையுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மீன் வாங்க வந்தவர் மாதிரி நின்றார். ஆனால் மீனெல்லாம் விற்றுப்போய்க் கரையில் ஒரு கூடைகூட இல்லை. இந்தப் பக்கம் பார்ப்பதும், கடலைப் பார்ப்பதுமாக இருந்தார். செருப்புக்குள் மணல் போய்விட்டதோ என்னவோ, காலை மாற்றி மாற்றி உதறினார்.

"மாமா ரொம்ப நேரமா நிக்கிறாரு. கூட்டிகினு வரட்டா?" என்றான் குமாரவேல்.

"வேண்டாம் மாப்பிள்ளை. கூப்பிட்டா திரும்பிப் போயிருவாவ. நிக்கட்டும். ஒரு வருசம் நானும் அப்பிடித்தான் நின்னேன்."

உள்ளேயிருந்து ஜெபக்கனி, "யாரும்மா?" என்றாள்.

ஞானபாக்கியம் நிலைப்படிக்கு உட்புறமாக உட்கார்ந்தாள். கடல்காற்றுப் படாமல் முந்தானையால் குழந்தையைச் சுற்றிப் போர்த்தினாள். முகத்தை மட்டும் மூடாமல், கட்டுமரங்கள் இருக்கிற பக்கம் தெரியும்படி மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள்.